உங்கள் பூந்தோட்டத்திலேயே புதிய ரகம்: கனகாம்பர விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

"சார், ஊட்டியில பந்து பந்தா நீலமா ஒரு பூ நிக்குதே, ஹைட்ரேஞ்சியாவாம். அதை நம்ம பக்கம் போட முடியாதா?" சுற்றுலா போய் வந்த விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஹைட்ரேஞ்சியா குளிர்ந்த மலைப்பகுதிச் செடி. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் நன்றாக வரும். தாமிரபரணிக் கரையின் சித்திரை வெயிலை அது தாங்காது.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: புதுப் பூ ஒன்று கையில் இருந்தால் சந்தையில் நல்ல விலை கிடைக்குமே என்பது. அதற்கு ஊட்டி வரை போக வேண்டியதில்லை. நம் தோட்டக்காலில் நிற்கும் கனகாம்பரத்திலேயே புதிய ரகம் எடுக்கலாம். அதைச் செய்து காட்டிய விவசாயியும் இருக்கிறார். அது எப்படி நடக்கிறது, உங்களால் எதைச் செய்ய முடியும், எதற்கு ஆராய்ச்சி நிலையத்தின் உதவி வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

புதிய ரகம் ஏன் தேவை?

கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட செடி. மணம் கிடையாது. ஆனால் பறித்த பின் எளிதில் வாடாது, எடை குறைவு, கட்டுவதற்கு வாகானது. அதனால்தான் மல்லிகையோடும் பிச்சியோடும் சேர்த்துக் கட்ட தோவாளை, சங்கரன்கோவில் சந்தைகளில் எப்போதும் தேவை இருக்கிறது.

நம்மிடம் பரவலாக இருப்பவை சில வகைகள்தான். விதை மூலம் வரும் ஆரஞ்சு நிற நாட்டு வகை, மஞ்சள் நிற லூட்டியா, சிவப்பு நிற செபாகுலிஸ், குச்சி மூலம் மட்டுமே வரும் டெல்லி கனகாம்பரம் ஆகியவை அவை. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

டெல்லி கனகாம்பரத்தின் நிறமும் விளைச்சலும் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. குச்சியிலிருந்து வந்த செடிகள் எல்லாம் ஒரே செடியின் நகல்கள். ஒன்றுக்கு வாடல் நோய் தாங்காது என்றால் ஊர் முழுக்க எதற்கும் தாங்காது. மண்ணில் உள்ள நூற்புழு வேரைத் துளைக்கிறது, அந்தப் புண் வழியாக வாடல் பூஞ்சாணம் உள்ளே போகிறது. நேற்று பூத்துக் குலுங்கிய பாத்தி பத்து நாளில் தலை கவிழ்ந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நோயுள்ள தோட்டத்தில் குச்சி வெட்டினால் நோயும் கூடவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். வேறு வேறு குணமுள்ள ரகங்கள் கையில் இருந்தால்தான் இந்த இழப்பிலிருந்து தப்ப முடியும்.

டெல்லி கனகாம்பரம் ஏன் விதை பிடிப்பதில்லை?

ஏத்தன் வாழையில் விதை ஏன் இல்லை? காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். சாதாரணச் செடிகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஆளுக்கு ஒரு தொகுதியாகச் சமமாகப் பிரியும். ஏத்தனிலும் டெல்லி கனகாம்பரத்திலும் மூன்று தொகுதிகள் உள்ளன. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் மகரந்தமும் சூலும் பெரும்பாலும் மலடாகிவிடுகின்றன.

விதை இல்லை என்றால் கலப்புச் செய்யவும் வழி இல்லை. எனவே விதை பிடிக்கும் வகைகளுக்கு ஒரு வழி, டெல்லிக்கு வேறு வழி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் மூன்று வழிகள் உள்ளன.

வழி 1: தோட்டத்தில் தானாக வரும் மாற்றத்தைப் பிடிப்பது

செலவே இல்லாத வழி இது. ஆயிரக்கணக்கான செடிகளில் எப்போதாவது ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூக்கும், அல்லது ஒரு செடி மட்டும் நீளமான கதிர் விடும். இதைத் தானே நிகழும் திடீர் மாற்றம் என்கிறோம். அதைக் கண்ணில் பட்ட அன்றே காப்பாற்ற வேண்டும்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணிக்கு வந்த புதிதில் ஆலங்குளம் பக்கம் ஒரு அம்மா தன் தோட்டத்தில் ஒரு கிளையைக் காட்டினார். செடி முழுக்க ஆரஞ்சு, அந்தக் கிளை மட்டும் வெளிர் சந்தன நிறம். நான் அவசரத்தில் இருந்தேன். "சத்துக் குறையாக இருக்கும், நுண்ணூட்டம் தெளியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சத்துக் குறை என்றால் ஒரே செடியில் ஒரு கிளைக்கு மட்டும் எப்படி வரும் என்று அன்று யோசிக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது வாடல் விழுந்து அந்த வரிசையையே பிடுங்கி எரித்திருந்தார்கள். "நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே சார்" என்றார் அந்த அம்மா. அன்றே பத்துக் குச்சி வெட்டி வைத்திருந்தால் அது இன்று ஒரு ரகமாக இருந்திருக்கலாம். அதன் பிறகு அப்படி ஒரு நிறத்தை நான் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட கிளையைக் கண்டால் செய்ய வேண்டியவை:

1. கிளையில் உடனே வண்ணத் துணி கட்டுங்கள். பூப்பறிக்க வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள். மாற்றத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.
2. தேதி, பாத்தி, வரிசை எண் குறித்து, செல்போனில் படம் எடுங்கள். பக்கத்தில் சாதாரணப் பூவையும் வைத்து எடுத்தால் நல்லது.
3. அந்தக் கிளையிலிருந்து மட்டும் 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள நுனிக்குச்சிகளை வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, மணலும் மட்கிய தென்னை நார்க் கழிவும் கலந்த பையில் ஊன்றுங்கள்.
4. பைகளை நிழலில் வைத்து பாலித்தீன் குடில் போட்டு மூடுங்கள். ஈரம் காய விடாதீர்கள், தண்ணீரும் தேங்கக் கூடாது.
5. எல்லாக் கன்றுகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பாதியை உறவினர் தோட்டத்தில் வையுங்கள். ஓரிடத்தில் நோய் வந்தாலும் மற்றது மிஞ்சும்.

சாதாரண மக்களின் கண்ணில் பட்ட செடி உலகப் புகழ் பெற்றதற்கு ஹைட்ரேஞ்சியாவே சாட்சி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்ற சிற்றூர். 1910-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே காட்டு வழியே போன ஒரு பெண்மணி, மற்றவற்றைவிடப் பெரிய வெள்ளைப் பந்துகளாகப் பூத்திருந்த ஒரு ஹைட்ரேஞ்சியாவைக் கவனித்தார். அந்தச் செடி வீட்டுத் தோட்டத்துக்கு வந்தது. பிறகு அக்கம்பக்கத்தாருக்குக் கன்று கொடுத்தே ஊரில் பரவியது. அரை நூற்றாண்டு கழித்து, 1960-களில், இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதற்கு 'அன்னாபெல்' என்று பெயரிட்டு வெளி உலகுக்குக் கொண்டுவந்தார். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பாதுகாத்திராவிட்டால் பேராசிரியருக்கு வேலையே இருந்திருக்காது.

வழி 2: கலப்புச் செய்தல்

விதை பிடிக்கும் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு வகைகளில் இதைச் செய்யலாம். பொறுமையும் சுத்தமான கையும் இருந்தால் போதும்.

முதலில் நோக்கத்தை முடிவு செய்யுங்கள். "நல்லதாக ஒன்று" என்று தொடங்கினால் எதுவும் கிடைக்காது. "மஞ்சள் நிறம் வேண்டும், ஆனால் ஆரஞ்சு வகை போல நீளக் கதிர் இருக்க வேண்டும்" என்பது போலத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நீளக் கதிருள்ள செடியைத் தாயாகவும், நிறம் உள்ளதைத் தந்தையாகவும் வைக்கலாம். மாற்றியும் செய்து பாருங்கள்.

மாலையில்: கதிரில் மறுநாள் விரியப் போகும் மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கனவே விரிந்த பூக்களை நீக்குங்கள். கனகாம்பரத்தில் மகரந்தத் தாள்கள் பூவிதழ்க் குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். எனவே மொட்டின் இதழ்க் குழாயை மெல்ல இழுத்து உருவினால் மகரந்தப் பைகளும் சேர்ந்து வந்துவிடும், நடுவில் சூல்தண்டு மட்டும் நிற்கும். தண்டு ஒடிந்துவிட்டால் அந்த மொட்டைக் கிள்ளி எறியுங்கள். பிறகு கதிரை வெண்ணெய்த் தாள் பையால் மூடிக் கட்டுங்கள். எறும்பும் தேனீயும் உள்ளே போகக் கூடாது.

மறுநாள் காலையில்: தந்தைச் செடியின் புதிதாக விரிந்த பூவைப் பிரித்து, மகரந்தத்தைச் சிறு தூரிகையால் எடுத்து, தாய்ப் பூவின் சூல்முடியில் தடவுங்கள். மீண்டும் பையால் மூடுங்கள். கதிரில் ஓர் அட்டை கட்டி, தாய் பெயர், தந்தை பெயர், தேதி எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும்.

காய் முற்றும்போது கவனம் தேவை. கனகாம்பரக் காய் காய்ந்து ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். காய் பழுப்பாகும்வரை பையைக் கழற்றாதீர்கள். மழைக்கு முன்பே கதிரோடு வெட்டி எடுத்துவிடுங்கள். விதையை நாள்பட வைக்காமல் விதையுங்கள்.

நடவு செய்த 2 முதல் 3 மாதத்தில் பூக்கத் தொடங்கும். கலப்பில் வந்த நாற்றுகள் ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொரு நாற்றும் தனிக் குணம் கொண்டது. அதனால் எவ்வளவு அதிக நாற்று வளர்க்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு. நூறு நாற்றில் தொண்ணூற்றைந்தைக் கழித்துவிட வேண்டியிருக்கும் என்று முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவில் நமக்கு ஒரு வசதி உண்டு. நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இயங்குகிறது. அங்கிருந்து 1986-இல் வந்த அம்பை 16, ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் கலந்து எடுத்தது. நெல்லில் கலப்புச் செய்த பின் பல தலைமுறை விதைத்து, தேர்ந்தெடுத்து, குணம் சிதறாமல் நிலைப்படுத்த வேண்டும். குச்சி மூலம் பெருகும் பூச்செடியில் அது தேவையில்லை. ஒரே ஒரு நல்ல நாற்று கிடைத்தால் போதும், அதன் குச்சிகள் எல்லாம் அதே குணத்தோடு வரும்.

சம்பங்கியில் இப்படித்தான் நடந்தது. ஒற்றை அடுக்கையும் இரட்டை அடுக்கையும் கலந்து சிருங்கார் வந்தது. சிருங்காரை மெக்சிகன் சிங்கிளோடு கலந்து பிரஜ்வல் வந்தது. இரண்டும் ஹெசரகட்டா நிறுவனத்தின் ரகங்கள். கலப்பில் தேறிய செடியைக் கிழங்கு மூலம் பெருக்கியதால்தான் குணம் மாறாமல் இன்று வயல்களில் நிற்கின்றன.

வழி 3: கதிர்வீச்சு மூலம் மாற்றம்

விதையே பிடிக்காத டெல்லி கனகாம்பரத்துக்கு இதுதான் வழி. இங்கேதான் நான் முதலில் சொன்ன விவசாயி வருகிறார். புதுச்சேரி கூடப்பாக்கத்தைச் சேர்ந்த வெங்கடபதி ரெட்டியார் கல்லூரியில் படித்தவர் அல்ல. கனகாம்பரத்தைக் குச்சி மூலம் பெருக்கும் நாற்றங்கால் தொழிலில் தேர்ந்தவர். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளின் துணையோடு காமா கதிர்வீச்சைப் பயன்படுத்தி கனகாம்பரத்தில் புதிய ரகங்களை உருவாக்கினார். சவுக்கிலும் ரகம் எடுத்தார். 2012-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

காமா கதிர் உயிரணுவின் மரபுப் பொருளில் சிறு மாற்றங்களை ஏற்படுத்தும். எந்த மாற்றம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலானவை பயனற்றவையாக இருக்கும். சில குச்சிகள் பட்டுப்போகும். அரிதாக ஒன்றில் புது நிறமோ, பெரிய பூவோ வரும். கதிர் பட்ட செடியில் கதிர்வீச்சு தங்கியிருக்காது, எனவே அதைத் தொடவோ சூடவோ பயப்படத் தேவையில்லை. நம் கோ.2 பிச்சியும் கோ.1 பிச்சியிலிருந்து இப்படித் தூண்டப்பட்ட மாற்றத்தால் வந்ததுதான்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. குச்சியின் ஒரு மொட்டில் பல உயிரணுக்கள் இருக்கும். மாற்றம் நடப்பது அவற்றில் ஒன்றில்தான். அதனால் வளரும் செடியில் ஒரு பகுதி பழையது, ஒரு பகுதி புதியது என்று கலந்து நிற்கும். ஒரே கதிரில் இரண்டு நிறம்கூட வரும். மாறிய பகுதியிலிருந்து மட்டும் குச்சி எடுத்து, வளர்த்து, மீண்டும் அதிலிருந்து குச்சி எடுத்து, மூன்று சுற்றாவது பிரிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டாம் ஆண்டில் பழைய நிறமே திரும்பிவிடும்.

கதிர்வீச்சு வசதி ஆராய்ச்சி நிறுவனங்களில் மட்டுமே உண்டு. உங்கள் வேலை நல்ல குச்சிகளைக் கொடுப்பதும், திரும்பி வந்ததைக் கவனமாக வளர்த்துத் தேர்ந்தெடுப்பதும்தான். கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின் என்ற பொருளால் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதும் உண்டு. ஆனால் அது கடும் விஷம். வீட்டில் விதையை அரைத்துத் தடவிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

புது ரகம்தானா என்று சோதிப்பது எப்படி?

இங்கே மறுபடியும் ஹைட்ரேஞ்சியா ஒரு பாடம் சொல்கிறது. ஒரே செடியை அமில மண்ணில் வைத்தால் நீலமாகவும், அமிலம் குறைந்த மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் வகைகள் அதில் உண்டு. அமில மண்ணில் வேருக்குக் கிடைக்கும் அலுமினியம்தான் நீலத்துக்குக் காரணம். பார்ப்பவர் இரண்டு ரகம் என்று நினைப்பார், இருப்பது ஒன்றுதான். உங்கள் தோட்டத்து மாற்றமும் மண்ணால் வந்ததா, பிறவிக் குணமா என்று தெரிந்த பிறகே ரகம் என்று சொல்ல வேண்டும்.

* புதியதில் 20 செடியும் பழைய ரகத்தில் 20 செடியும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நடுங்கள். தண்ணீர், உரம் எல்லாம் ஒன்றுபோல் கொடுங்கள்.
* குறைந்தது இரண்டு இடங்களில் நடுங்கள். ஒன்று ஆற்றுப் பாசனப் பக்கத்துக் கனமான மண், ஒன்று கிணற்றுப் பாசனச் செம்மண் என்று இருந்தால் நல்லது.
* கார் பருவத்து வெயில் காலத்திலும் பிசானப் பருவத்து மழைக் காலத்திலும் கணக்கு எடுங்கள். மழையில் நிறம் மங்கும் பூ சந்தையில் நிற்காது.
* கதிரின் நீளம், ஒரு கதிரில் பூ எண்ணிக்கை, ஒவ்வொரு பறிப்பிலும் கிடைத்த எடை ஆகியவற்றைத் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள்.
* பறித்த பூவைப் பூக்கட்டும் பெண்களிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். காம்பு ஒடிகிறதா, மாலைவரை நிற்கிறதா என்று அவர்கள் சொல்வதை நானும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.
* வாடல் வந்து செத்த செடிகளையும் எண்ணி எழுதுங்கள். பார்க்க அழகாக இருந்தும் பாதிச் செடி சாகும் ரகத்தை விட்டுவிடுங்கள்.

சோதனை நிலத்தில் நூற்புழு இருந்தால் முடிவே தவறாகிவிடும். முந்தைய பருவத்தில் செண்டுமல்லி, அதாவது நம் பக்கத்துக் கேந்தி, போட்டு மடக்கி உழுங்கள். நடும்போது வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். குச்சி எடுக்கும் தாய்ச்செடிகளைத் தனிப் பாத்தியில் வையுங்கள், அந்தப் பாத்தியில் பூ விற்பனைக்குப் பறிக்க வேண்டாம்.

முதல் குச்சியிலிருந்து நம்பிக்கையாகச் சொல்லும் நிலைக்கு மூன்று ஆண்டாவது ஆகும். அதுவரை இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இரண்டு சென்ட் நிலம் போதும், மீதி நிலத்தில் வழக்கமான வருமானம் ஓடட்டும்.

உங்கள் உரிமையைக் காப்பாற்றுங்கள்

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்துச் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே. 1983-இல் தன் நெல் வயலில் மூன்று கதிர்கள் மட்டும் வேறுபட்டு நிற்பதைக் கண்டு, தனியே எடுத்துப் பெருக்கினார். கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. என்று அழைக்கப்பட்ட அந்த ரகம் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஆனால் அதற்கேற்ற வருமானம் அவர் வீட்டுக்கு வரவில்லை. ஊரே அவர் நெல்லை விதைத்தபோதும் அவர் வறுமையில்தான் வாழ்ந்தார்.

அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயியும் தன் ரகத்தைப் பதிவு செய்ய வழி செய்கிறது. விவசாயிகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. கனகாம்பரம் போன்ற பயிர்களுக்குப் பாதுகாப்புக் காலம் 15 ஆண்டு. மூன்று விஷயங்கள் பார்க்கப்படும்: மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், செடிகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும், பெருக்கிய பிறகும் குணம் மாறக் கூடாது. நீங்கள் எழுதிய நோட்டும் தேதியிட்ட படங்களும் இங்கேதான் கைகொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் பயிர் பதிவுக்கு அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, புதிய ரகம் என்று பதிவு செய்ய வேண்டுமானால், இந்தியாவில் விற்கத் தொடங்கி ஓராண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதனால் சோதனை முடியும் முன் யாருக்கும் குச்சி விற்காதீர்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர் "நாலு குச்சி கொடுங்க" என்று கேட்டாலும், பூவை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

யாரை அணுகுவது?

வேறுபட்ட கிளை கிடைத்தாலோ, கலப்புச் செய்யப் பயிற்சி வேண்டுமென்றாலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம், கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றை அணுகலாம். போகும்போது பூவை மட்டும் பறித்துக்கொண்டு போகாதீர்கள். படம், தேதி, வேர்விட்ட ஒரு கன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். யாரிடம் எத்தனை கன்று கொடுத்தீர்கள் என்று எழுதி, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விஞ்ஞானி "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், குச்சிகளை ஓராண்டு வைத்துப் பாருங்கள். எங்களுக்கும் தவறு நேரும்.

நாளைக் காலை பூப்பறிக்கப் போகும்போது மடியில் நாலு துண்டு சிவப்புத் துணி எடுத்துப் போங்கள். வேறுபட்ட கிளை கண்ணில் பட்டால் முதலில் அதில் ஒரு துண்டைக் கட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.